லாரி இன்ஜினைத் தாங்கும் கொக்கியை யார் சோதிப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நாமக்கல் மாவட்டத்தில் புறவழிச்சாலை ஓரமாகச் சிறிய லாரிப் பட்டறை நடத்துகிறவன். முப்பத்தெட்டு ஆண்டுகளாக இன்ஜின் இறக்கி ஏற்றுவதே என் தொழில். டீசல் விலை, சுங்கக் கட்டணம், வாடகைப் பிரச்சினை, லாரி உரிமையாளர்களின் வேலைநிறுத்தம் ஆகியவை பற்றித் தங்கள் நாளிதழில் வருகிற செய்திகளை ஒன்று விடாமல் படிக்கிறேன். ஆனால் அந்த லாரிகளின் இன்ஜினை வெளியே எடுத்து, பிரித்துப் பார்த்து, மறுபடியும் பூட்டி அனுப்புகிற பட்டறைத் தொழிலாளியின் கைக்கும் காலுக்கும் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு, நாமே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். கடிதம் நீளமானது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒன்றை வேலை முடித்து, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சங்கிலியைக் கையால் இழுத்துச் சுமை தூக்கும் கருவியான செயின் பிளாக்கில் இன்ஜின் தொங்குகிறது. இன்ஜினைச் சேசிஸோடு சேர்த்துப் பூட்டும் தாங்கிகளில் முன்பக்க மவுண்டிங் உட்கார்ந்துவிட்டது; பின்பக்கத்தில் வலது மவுண்டிங்கின் போல்ட் ஓட்டை மட்டும் கால் அங்குலம் விலகி நின்றது. தொழிலுக்கு வந்து இரண்டாவது வருடமான இருபது வயதுப் பையன், ஓட்டை நேராக வந்துவிட்டதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்திருக்கிறான். மேலே யாரும் கைச்சங்கிலியைத் தொடவில்லை. ஆனாலும் இன்ஜின் தானாக இறங்கியது. முழுதாக ஓர் அங்குலம்கூட இல்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனிக்கணு போய்விட்டது.

மறுநாள் நான் போய், பட்டறைக்காரரின் சம்மதத்தோடு அந்தச் செயின் பிளாக்கைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தேன். இந்தக் கருவியைப் பார்த்திராத வாசகர்களுக்காக அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கைச்சங்கிலியை இழுத்தால் உள்ளே பல்சக்கரங்கள் சுழன்று சுமைச்சங்கிலியை மேலே ஏற்றும். கையை விட்டதும், தொங்குகிற சுமையே தன் எடையால் உள்ளிருக்கும் பிரேக் தட்டுகளை நெருக்கி இறுக்கிக்கொண்டு நிற்கும். எடை கூடக்கூடப் பிடியும் கூடுகிற அருமையான ஏற்பாடு அது. ஆனால் அந்தப் பிடி முழுவதும் உராய்வை நம்பியிருப்பதால் தட்டுகள் உலர்ந்திருக்க வேண்டும். நான் பிரித்த பிளாக்கில் தட்டுகள் கிரீஸில் ஊறிக் கிடந்தன. கைச்சங்கிலி இழுக்கக் கனமாக இருக்கிறது என்று எப்போதோ யாரோ மூடியைத் திறந்து கிரீஸை அள்ளி அப்பியிருக்கிறார்கள். யார், எப்போது என்று பட்டறையில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியவில்லை. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. எழுதி வைக்கும் வழக்கமே எங்கள் தொழிலில் கிடையாது.

இன்னொன்றையும் கவனித்தேன். நல்ல செயின் பிளாக்கில் சுமையை ஏற்றும்போது, பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லிலும் ஒரு சிறு இரும்பு நாக்கு விழுந்து விழுந்து 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இறக்கும்போது அந்தச் சத்தம் வராது. ஏற்றும்போதே சத்தம் வரவில்லை என்றால் நாக்கின் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நாக்கு விழாவிட்டால் பிரேக்கும் இல்லை. இந்தப் பிளாக்கில் நாக்கு பாதி நேரம்தான் விழுந்தது. பக்கத்தில் வெல்டிங்கும் கிரைண்டரும் ஓடிக்கொண்டிருக்க, அந்தச் சத்தம் நின்றுபோனதை யார் கேட்டிருப்பார்கள்?

அதே பட்டறையில், அதே வாரத்தில், அந்த இன்ஜினின் சுழலும் முதன்மை அச்சான கிராங்க் ஷாஃப்டை மைக்ரோமீட்டர் வைத்து 0.01 மி.மீ. சுத்தமாக அளந்திருக்கிறார்கள். எட்டு மாதத்தில் இன்னொரு முறை இன்ஜின் இறங்கினால் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்தால் இன்ஜினுக்குள் இருக்கும் ஒவ்வொரு இரும்பையும் அளக்கிறோம். தலைக்கு மேலே அரை டன்னைத் தாங்கி நிற்கும் கொக்கியை ஒருவரும் அளப்பதில்லை. இதை எழுதும்போது என் பட்டறையையும் சேர்த்தே சொல்கிறேன். விபத்துக்கு மறுநாள்தான் நான் என் செயின் பிளாக்கையும் முதல்முறையாகப் பிரித்தேன்.

இளைஞனாக இருந்தபோது ஓசூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஓராண்டு அப்ரெண்டிஸ் பயிற்சி பெற்றேன். அங்கே ஒவ்வொரு செயின் பிளாக்குக்கும், சுமையைக் கட்டித் தூக்கும் ஒவ்வொரு சிலிங்குக்கும் ஓர் எண் குத்தியிருந்தது. எத்தனை டன் தாங்கும் என்று பெயிண்டில் எழுதியிருந்தது. சோதித்த தேதிக்குத் தனிப் பதிவேடு இருந்தது. அது நிர்வாகத்தின் பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். அப்படியல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, சுமை தூக்கும் கருவியையும் சங்கிலியையும் கயிற்றையும் 12 மாதங்களுக்கு ஒருமுறையாவது தகுதி பெற்ற ஒருவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றும், பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய எடையை அதன்மேலேயே தெரியும்படி குறிக்க வேண்டும் என்றும், அந்த எடைக்கு மேல் ஏற்றக் கூடாது என்றும், இவற்றுக்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்றும் விதித்திருந்தது. ஆனால் மின்விசையோடு இயங்கும் இடமாக இருந்தால் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. எங்கள் மாவட்டத்தில் மேஸ்திரி ஒருவரும் மெக்கானிக் இருவரும் பையன்கள் இருவருமாக ஓடுகிற பட்டறைகளே நான் அறிய மிகுதி. இன்ஜினின் எடை ஆள் எண்ணிக்கையைப் பார்த்துக் குறைவதில்லை. தொழிற்சாலையில் தொங்கினாலும் வேப்பமரத்தடியில் தொங்கினாலும் 600 கிலோ 600 கிலோதான்.

வேப்பமரம் என்று சும்மா சொல்லவில்லை. நான் தொழில் கற்ற காலத்தில் மரக்கிளையில் கட்டியும், மூன்று குழாயை முக்காலியாக நிறுத்தியும்தான் இன்ஜின் இறக்கினோம். இன்று பெரும்பாலான பட்டறைகளில் இரும்புத் தூலம் இருக்கிறது. பழைய தண்டவாளத் துண்டும் இருக்கிறது. தூலம் வந்துவிட்டதாலேயே பாதுகாப்பும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். அந்தத் தூலத்தை எந்தத் தூணில், எந்தக் கணக்கில் உட்கார்த்தினோம் என்று கேட்டால் எங்களில் பலருக்கும் பதில் கிடையாது.

இந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். பட்டறைக்காரர்களுக்கு இது தெரியாததல்ல; வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு 'எப்போது முடியும்' என்று அரைமணிக்கொரு முறை போன் செய்கிற உரிமையாளர்களும், பக்கத்திலேயே நின்று ஒரு கை கொடுக்கிற ஓட்டுநர்களும் எதற்கு நேரம் பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வண்டி நகராமல் நிற்க வேண்டும். கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறேன் என்று ஓட்டுநர் சொல்வார். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிய நொடியிலேயே கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். அதன் பிறகு கியர் எதையும் பிடித்து வைக்காது. ஆகவே கழற்றுவதற்கு முன்பே சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தாக வேண்டும். கேபினைச் சாய்க்கிற வண்டி என்றால், சாய்த்த பிறகு அதன் பூட்டு விழுந்ததா என்று கண்ணால் பார்க்காமல் யாரும் கீழே தலையை நுழைக்கக் கூடாது. பேட்டரியில் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்ற வேண்டும்; பூட்டும்போது அதையே கடைசியாகப் பூட்ட வேண்டும். ஓடிவந்த சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து மார்பும் முகமும் வெந்துபோனவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. தண்ணீரையும் ஆயிலையும் இறக்குவதற்கு முன் இன்ஜின் ஆறுகிற வரை காத்திருப்பதை யாரும் சோம்பல் என்று எண்ணிவிட வேண்டாம். டீசல் குழாய்களைக் கழற்றியதும் வாயை மூடியால் அடைத்துவிட வேண்டும். பழைய டீசல் பம்பு ஒரு மணல்துளியைச் சகித்துக்கொள்ளும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 என்ற புகை மாசு விதிப்படி வந்த வண்டிகளில், மிகுந்த அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் காமன் ரெயில் அமைப்பு சகிக்காது. ஒயரிங் கப்ளர்களைக் கழற்றும்போதே ஒவ்வொன்றுக்கும் துணிப்பட்டி கட்டி எழுதி வைத்துவிட்டால், பூட்டும் நாளில் நாலு மணி நேரம் மிச்சமாகும்.

இனி தூக்குவது. பெரும்பாலான விபத்துகள் இங்கேதான் நேர்கின்றன என்பதால் இதற்குக் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறேன். ஆறு சிலிண்டர் லாரி இன்ஜின் ஆயில் வடித்த நிலையில் சாதாரணமாக 400 முதல் 600 கிலோ வரை இருக்கும். பெரிய டிரெய்லர் லாரிகளில் வரும் 13 லிட்டர் இன்ஜின் ஒரு டன்னையே தாண்டும். இன்ஜினைத் தூக்குவதற்கென்றே முன்னும் பின்னும் வளையங்களைக் கம்பெனியே பூட்டி அனுப்புகிறது. முதல்முறை வேலை செய்தவர் 'இது எதற்கு இடைஞ்சல்' என்று அதைக் கழற்றி எறிந்திருப்பார். அடுத்தவர் காற்றும் புகையும் போகும் குழாய்த்தொகுதியான மேனிபோல்டிலோ கையில் கிடைத்த போல்ட்டிலோ சங்கிலியைச் சுற்றுவார். மேனிபோல்டும் அதன் ஸ்டட்களும் இன்ஜினின் எடையைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. வளையம் இல்லாமல் வேறு வளையம் பூட்ட நேர்ந்தால், அதன் போல்ட் வார்ப்பிரும்புக்குள் தன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இறங்கியிருக்க வேண்டும். நாலு சுற்று மட்டும் ஏறிய போல்ட்டில் அரை டன் தொங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதாலேயே அடுத்த முறையும் அப்படியே தூக்கினார்கள்.

சங்கிலியின் சாய்வைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். முன் வளையத்துக்கும் பின் வளையத்துக்குமாக இரண்டு கால் சங்கிலி போட்டு, நடுவில் கொக்கியை மாட்டுகிறோம். சங்கிலி நீளமாக இருந்து, ஒவ்வொரு காலும் தரைமட்டத்துக்கு 60 டிகிரி சாய்வில் நின்றால், 600 கிலோ இன்ஜினில் ஒவ்வொரு கால்மேலும் 350 கிலோவுக்குச் சற்றுக் குறைவான இழுவை விழும். கூரை தாழ்வாக இருக்கிறது, உயரம் போதவில்லை என்று சங்கிலியைக் குட்டையாக்கி, சாய்வு 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால், ஒவ்வொரு கால்மேலும் முழு 600 கிலோ விழும். இரண்டு காலும் பாதிப்பாதி பங்கு போட்டுக்கொள்ளும் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்துவிடும். தாழ்ந்த தகரக் கூரை போட்ட பட்டறைகளில் தினமும் நடப்பது இந்த இரண்டாவது கதைதான். தகரத்தை இரண்டடி உயர்த்துவதற்கு ஆகும் செலவு, ஒரு விரலுக்கு ஆகும் மருத்துவச் செலவைவிடப் பெரிதல்ல.

தூக்குகிறவர் முதலில் இரண்டு அங்குலம் மட்டும் ஏற்றி நிறுத்திவிட்டு, சுற்றிவந்து பார்க்க வேண்டும். எர்த் பட்டை, கிளட்ச் குழாய், டர்போவுக்குப் போகும் ஆயில் பைப், சென்சார் ஒயர் என்று ஏதாவது ஒன்று எப்போதும் மாட்டிக்கொண்டு நிற்கும். மாட்டியதைக் கவனிக்காமல் மேலும் இழுத்தால், அது அறுகிற நொடியில் இன்ஜின் ஊஞ்சல்போல ஆடும். ஆடுகிற 600 கிலோவை யார் மார்பைக் கொடுத்தாலும் நிறுத்த முடியாது. கியர்பாக்ஸ் வண்டியிலேயே இருக்கப்போகிறது என்றால், இன்ஜினைப் பிரிக்கும் முன்பே அதற்குத் தனி ஜாக்கியும் அதற்கு மேல் ஒரு கட்டையும் கொடுத்திருக்க வேண்டும். கைச்சங்கிலியை இழுப்பவர் ஒருவர், இழு என்று சொல்பவர் ஒருவர் என்று இருக்க வேண்டும். ஆளாளுக்குக் குரல் கொடுக்கக் கூடாது.

வெளியே வந்த இன்ஜினைத் தொங்கவிட்டபடியே கீழே உட்கார்ந்து, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றுகிற வழக்கத்தை அடியோடு விட வேண்டும். பழைய டயரின் மேல் இறக்கி வைப்பதும் சரியல்ல. சம்ப் என்பது வெறும் தகடு. இன்ஜினின் எடை அதன்மேல் உட்கார்ந்தால் அடி நசுங்கி, உள்ளே ஆயில் உறிஞ்சும் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். வண்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு பேரிங் பிடித்துக்கொண்டால், காரணம் அன்று டயரின் மேல் வைத்ததுதான் என்று யாருக்கும் தோன்றாது. இரும்புக் குழாயில் ஒரு ஸ்டாண்டு செய்துகொள்வது பெரிய காரியமல்ல. எல்லாப் பட்டறையிலும் வெல்டிங் செட் இருக்கிறது.

பிரித்துச் சோதிப்பதைப் பற்றி எங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதில் அவர்கள் தேர்ந்தவர்கள். ஒன்றை மட்டும் சொல்வேன். கழுவுவதற்கு முன் பார்க்க வேண்டும். இன்ஜின் இறங்கியதும் டீசலை ஊற்றிப் பளபளவென்று கழுவிவிடுவது எங்கள் பழக்கம். ஏன் கெட்டது என்பதற்கான சாட்சிகள் அந்த டீசலோடு சாக்கடைக்குப் போய்விடுகின்றன. ஆயில் பில்டரை அறுத்து விரித்தால், காகித மடிப்பில் செம்புநிறத் துகள் மின்னுகிறதா என்று தெரியும். மின்னினால் பேரிங்கின் மேற்பூச்சு தேய்ந்து அடுத்த அடுக்கு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டையும் ஆயில் கூலரையும் அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கிராங்க் ஷாஃப்டை 0.25, 0.50 என்று அடுத்த சைஸுக்குக் கிரைண்டிங் செய்வதற்கு முன் விரிசல் சோதனை செய்தாக வேண்டும். கிரைண்டிங் முடிந்து வந்ததும் ஆயில் துளைகளின் அடைப்பான்களைக் கழற்றி, பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்தாக வேண்டும். சிலிண்டருக்குள் செருகிய லைனர், இன்ஜின் பிளாக்கின் முகத்துக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஹெட்டை மூடினால், இடையில் இருக்கும் கேஸ்கெட் மறுபடி கெட்டுப்போகும். கனெக்டிங் ராடின் மூடியை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக் கூடாது. ஜோடி எண் குத்தியிருப்பது அதற்காகத்தான். இன்ஜின் வெளியே இருக்கும்போதே பின்பக்க ஆயில் சீல், பைலட் பேரிங், மவுண்டிங் ரப்பர் ஆகியவற்றையும் மாற்றிவிட உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குத் தயங்கி விட்டுவிட்டு, அதற்காகவே மறுபடி இன்ஜினை இறக்கச் சொல்லும்போது, ஐந்து பேர் மறுபடியும் அந்தக் கொக்கிக்குக் கீழே நிற்க வேண்டியிருக்கிறது.

திரும்பப் பூட்டுவது இறக்குவதைவிட ஆபத்தானது என்பது என் அனுபவம். இறக்கும்போது எல்லோரும் விலகி நிற்கிறோம். பூட்டும்போது எல்லோரும் கையை உள்ளே விடுகிறோம். அந்தப் பையனின் விரல் போனதும் பூட்டும்போதுதான். மவுண்டிங் ஓட்டையை நேராக்குவதற்கு முனை கூர்த்த கம்பி இருக்கிறது, கடப்பாரை இருக்கிறது. ஓட்டைக்குள் விரல் போகவே கூடாது. இதைப் பையன்கள் வந்த முதல் நாளே சொல்லித்தர வேண்டும். நாங்கள் சொல்லித் தருவதில்லை. எங்கள் மேஸ்திரிகள் விரலால்தான் தடவிப் பார்த்தார்கள், நாங்களும் விரலால்தான் பார்த்தோம், அவனும் எங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான்.

கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் போய் உட்காரும் இடம் பொறுமையைச் சோதிக்கும். பிளேட்டை முன்கூட்டியே ஒரு டம்மி ஷாஃப்ட் வைத்து நடுவில் நிறுத்தியிருந்தால் அது தானாகச் சரிந்து உள்ளே போகும். போகாவிட்டால் பெல் ஹவுசிங் போல்ட்டைப் போட்டு ஸ்பேனரால் இழுத்துச் சேர்ப்பார்கள். அரை அங்குலம் இடைவெளி நிற்கிறது என்றால் உள்ளே எதுவோ பொருந்தவில்லை என்றுதான் பொருள். போல்ட்டால் இழுத்தால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், அல்லது ஹவுசிங்கின் காது உடையும். பின்வாங்கி, கிராங்க்கைக் கையால் சற்றே திருப்பி, மறுபடி பார்ப்பதுதான் வழி. இரவு பதினொரு மணிக்கு, உரிமையாளர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்க்கும்போது, பின்வாங்குவதற்கு மனத்திடம் வேண்டும்.

ஹெட் போல்ட்டைக் கம்பெனி சொன்ன அளவிலும் வரிசையிலும் முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரே டார்க் ரெஞ்சை நாலு பட்டறைக்காரர்கள் மாற்றி மாற்றி வாங்கிப்போவதே நடைமுறை. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜினைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, டீசல் வராமல் நிறுத்திவைத்து ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஆயில் பிரஷர் ஏறியதைக் கண்டபின்தான் ஓடவிட வேண்டும். பம்பு தவறாகப் பூட்டியிருந்தாலோ டர்போ வழியாக ஆயில் உள்ளே போனாலோ, டீசல் இன்ஜின் சாவியை அணைத்தாலும் நிற்காமல் வெறிபிடித்ததுபோல் வேகம் கூடிக்கொண்டே போகும். அப்போது காற்று போகும் வாயை அடைப்பது ஒன்றே வழி. அதற்காக ஒரு தடித்த பலகையோ இரும்புத் தகடோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கையால் பொத்த முயன்றால் கை போய்விடும். ஓடுகிற காமன் ரெயில் இன்ஜினில் டீசல் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் கூடாது. 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது, ஆனால் உடனே அறுவைச் சிகிச்சைக்குப் போகாவிட்டால் கையையே எடுக்க நேரிடும். அட்டைத் துண்டைக் காட்டித்தான் பார்க்க வேண்டும். ஓடுகிற ஃபேனுக்குப் பக்கத்தில் லுங்கியோடு போவதைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இவ்வளவையும் பட்டறைக்காரர்களே செய்துகொள்ள வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். பாதியை நாங்களே செய்துகொள்ளலாம், செய்ய வேண்டும். புதிய செயின் பிளாக் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 3832 குறியீடு பார்த்து வாங்கி, அன்றைக்கே கொக்கியின் வாயின் இரு பக்கமும் பஞ்ச்சால் ஒரு புள்ளி குத்தி, இரண்டு புள்ளிக்கும் நடுவே உள்ள தூரத்தையும், சுமைச்சங்கிலியில் பத்துக் கண்ணிகளின் நீளத்தையும் அளந்து சுவரில் பெயிண்டால் எழுதிவிடலாம். மாதம் ஒருமுறை அளந்து பார்த்தால் கொக்கி விரிகிறதா, சங்கிலி நீள்கிறதா என்று பையன்களே சொல்லிவிடுவார்கள். என் பட்டறையில் இப்போது எழுதியிருக்கிறேன். ஆனால் சுமை ஏற்றிச் சோதிப்பதும், பிரேக்கையும் தூலத்தையும் பார்த்துச் சான்று தருவதும் தகுதி பெற்ற ஒருவர் செய்ய வேண்டிய வேலை. அவரை ஐந்து பேர் உள்ள பட்டறைக்குத் தனியாக வரவழைக்கக் கட்டுப்படியாகாது.

ஆகவே தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் இது: லாரித் தொழில் செறிந்த நாமக்கல், சங்ககிரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் மிகுந்த திருச்செங்கோடு, பேருந்துக் கூண்டு கட்டும் கரூர் ஆகிய ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை சோதனை முகாம் நடத்த வேண்டும். பட்டறைக்காரர்கள் தங்கள் செயின் பிளாக்கையும் சிலிங்கையும் கொண்டுவந்து, நியாயமான கட்டணம் கட்டி, சோதித்து, எண் குத்தி வாங்கிப் போகட்டும். தேறாததை அங்கேயே அறுத்துப் போட்டுவிடலாம். எண்ணிக்கை குறைந்த இடங்களுக்கும் சட்டத்தை நீட்டிக்க 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 85-ஆவது பிரிவு மாநில அரசுக்கு வழி விட்டிருந்தது. அந்த வழி பட்டறைகளுக்குப் பயன்பட்டு நான் பார்க்கவில்லை. எங்களுக்கு வழக்கும் அபராதமும் போடுவதற்காக இதைக் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஷட்டரை இறக்கிவிடுகிற பட்டறைகள், முகாம் என்றால் வரும். ஓட்டுநர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்துகிற சாலைப் பாதுகாப்பு வாரத்திலேயே அதோடு சேர்த்து இதையும் நடத்தலாம்.

லாரி உரிமையாளர் சங்கங்களும் இதில் கைகொடுக்க வேண்டும். வண்டி ஒரு நாள் நின்றால் தவணை நிற்பதில்லை என்பது எனக்குத் தெரியும். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஒற்றை வண்டி வைத்துக்கொண்டு தாங்களே ஓட்டுகிறவர்கள். ஆனாலும் இன்ஜின் இறக்கி ஏற்றும் வேலைக்கு இத்தனை நாள் என்று சங்கமும் பட்டறைக்காரர்களும் உட்கார்ந்து பேசி ஓர் அளவை வைத்துக்கொண்டால், இரவோடு இரவாகப் பூட்டித் தருகிறவரே நல்ல மெக்கானிக் என்ற போட்டி குறையும். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிப்பு ஓராண்டு. அங்கிருந்து என்னிடம் வந்த பையன்கள் டீசல் பம்பையும் நாசிலையும் பற்றி நன்றாகச் சொல்கிறார்கள். சங்கிலியின் சாய்வைக் கேட்டால் விழிக்கிறார்கள். அந்த ஓராண்டுக்குள் இரண்டு நாள், உண்மையான எடையைத் தொங்கவிட்டுப் பழக்கினால் போதும்.

கடைசியாக, அந்தப் பையனைப் பற்றி. அவனுக்குத் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. கிடையாது; பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்பதால் அதுவும் பொருந்தவில்லை. அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியம் என்று அரசு ஒன்று வைத்திருக்கிறது. அதில் பதிவு செய்திருந்தால் ஏதாவது உதவி கேட்டிருக்கலாம். அவன் பதிவு செய்யவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்கும் அவன் பட்டறைக்காரருக்கும் தெரியாது. விபத்துக்குப் பிறகு எங்கள் வரிசையில் உள்ள ஒன்பது பட்டறைகளில் கேட்டுப் பார்த்தேன். மூன்று பேர் மட்டுமே பதிவு அட்டை வைத்திருந்தார்கள். தொழிலாளர் நலத்துறை அலுவலர்கள் ஒரு நாள் மாலை, வேலை முடிகிற நேரத்தில், புறவழிச்சாலைப் பட்டறைகளுக்கே வந்து பதிவு செய்துகொடுத்தால் பேருதவியாக இருக்கும். இடம், மேசை, நாற்காலி, டீ எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பேற்கிறேன். என் பட்டறையின் முன்வாசல் அகலமானது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
லாரிப் பட்டறை மெக்கானிக்,
நாமக்கல் மாவட்டம்.